முத்துப்பேட்டையில் எத்தனை எழுத்து?

மு, த், து, ப், பே, ட், டை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால் ஏழு எழுத்து. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் அக்கா, அதே பெயரைப் பைத்தானில் தட்டி, நீளம் சொல்லும் ‘லென்’ செயற்கூற்றைக் கேட்டால் 14 என்கிறது. போன வருடம் அவள் படித்த சி++ மொழியில், உபுண்டு கணினியில், ‘ஸ்டிர்லென்’ என்று கேட்டால் 42. ஒரே ஊர்ப்பெயருக்கு மூன்று விடை. மூன்றுமே தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு எதையோ எண்ணியிருக்கிறது.

எதை எண்ணியது என்று தோண்டிப் பார்க்கும் பிள்ளை, கணினி அறிவியலின் நடுவீட்டுக்கே வந்துவிடுகிறது. முத்துப்பேட்டை போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு அதற்கு வேண்டியதெல்லாம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018-19இல் பதினோராம் வகுப்புக்கும் 2019-20இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய கணினி அறிவியல் பாடநூல்கள் வந்தன. முதல் ஆண்டு சி++, இரண்டாம் ஆண்டு பைத்தான். நல்ல நூல்கள் அவை. ஆடு, புல்லுக்கட்டு, ஓநாய் மூன்றையும் விவசாயி எப்படி ஆற்றைக் கடத்துவார் என்ற பழைய புதிரை வைத்து, நிரல் எழுதும் முன்பே எப்படி யோசிப்பது என்று பதினோராம் வகுப்பு நூல் சொல்லிக்கொடுக்கிறது.

இனி அந்த எண்களுக்கு வருவோம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கும் பட்டியல் யூனிகோடு. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் எழுத்துகளோ 247. ஆகவே ‘பே’ என்பதற்குத் தனி எண் கிடையாது. ‘ப’வுக்கு ஓர் எண், இரட்டைக்கொம்புக்கு ஓர் எண். பைத்தான் எண்ணிய 14 இந்தக் குறியெண்களைத்தான். அவற்றை நினைவகத்தில் வைக்கும்போது, இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் தேவைப்படுகிறது. பதினான்கு மூன்று நாற்பத்திரண்டு. சி++ எண்ணியது பைட்டுகளை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்தால் க என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். யூனிகோடில் அது தலைகீழ். ‘க’ ஒரே எண். அதோடு புள்ளி சேர்ந்தால்தான் ‘க்’. இலக்கணத்தில் கூட்டிப் பெறும் எழுத்து இங்கே ஒற்றையாக நிற்கிறது, தனி மெய்யோ இரண்டாகி நிற்கிறது. இந்திய மொழிகளுக்கென்று முன்பு வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தைத் தழுவி யூனிகோடின் தமிழ்ப் பகுதி அமைந்ததால் வந்த விளைவு இது. எழுத்துக்கு ஓர் எண் என்று வகுத்த டேஸ்16 முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. அந்த முறையில் முத்துப்பேட்டைக்கு ஏழேதான். ஆனால் கைப்பேசியும் இணையமும் யூனிகோடில்தான் ஓடுகின்றன.

இந்த வேறுபாடு எண்ணிக்கையோடு நிற்பதில்லை. ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் நிரல் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் உண்டு. அதில் ‘விகடகவி’யைக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வாசித்தாலும் ஒன்றாக இருக்கும் அந்தச் சொல்லைக் கணினி சிதைத்துத் தரும். கடைசி ‘வி’யின் மேல்விலங்குக் குறி முதலில் வந்து அந்தரத்தில் தொங்கும், ‘வ’ அதற்குப் பின்னால் வரும்.

பெயர்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னால் மன்னார்குடி முன்னும் மயிலாடுதுறை பின்னும் வரும். எந்தத் தமிழ் அகராதியும் அப்படி வைக்காது. நம் வரிசையில் ‘ன’தான் கடைசி மெய். யூனிகோடு அதை ‘ந’வுக்கு அடுத்து உட்கார வைத்திருக்கிறது.

இன்னொன்று கவலைக்குரியது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வழியே கடல் சேரும் கோரையாற்றை எடுத்துக்கொள்வோம். ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே எண்ணாக வைப்பது ஒன்று, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனி எண்ணாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. ஆனால் ‘கோரையாறு’ ஒன்றுக்கு நீளம் 8, இன்னொன்றுக்கு 9. இரண்டும் சமமா என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறது பைத்தான். பட்டாவிலோ ரேஷன் பட்டியலிலோ இருக்கும் ஒருவர் பெயர், தேடும்போது அகப்படாமல் போக இது ஒன்றே போதும். இரு வடிவங்களையும் ஒன்றாக்கும் வசதி பைத்தானிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் எழுதிப் பார்த்தவருக்குத்தான் அது தெரியவரும்.

எழுத்தை எழுத்தாக எண்ணவைப்பது கடினமல்ல. ஆகாரம் முதல் ஔகாரம் வரை உயிர்க்குறிகள் 11, புள்ளி ஒன்று. இந்தப் பன்னிரண்டையும் ஒரு பட்டியலில் இட்டு, சொல்லை ஒவ்வொரு குறியாக மடக்கில் படித்து, பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் எண்ணினால் போதும். ஐந்தாறு வரி. பட்டியல், மடக்கு, நிபந்தனை மூன்றும் பாடத்தில் உள்ளவையே. குறியை அதன் முந்தைய எழுத்தோடு ஒட்டிச் சேர்த்துவிட்டுத் திருப்பினால் விகடகவியும் முழுசாகத் திரும்பும்.

தேர்வுதான் குறுக்கே நிற்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதும், முன்கூட்டியே தெரிந்த சில நிரல்களிலிருந்து வருகிறது. ரெக்கார்டு நோட்டில் எழுதியதை வரி பிசகாமல் திரும்பத் தட்டினால் மதிப்பெண் விழுந்துவிடும். இப்படி மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் அநியாயம் என்றே நினைக்கிறேன். மனப்பாடத்துக்கு மாற்று பாடநூலிலேயே இருக்கிறது. சிஎஸ்வி கோப்புக்கும் வரைபடத்துக்கும் பாடங்கள் இருக்கின்றன; மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. ஜூன் 12இல் திறப்பார்களா என்று வீடே காத்திருக்கும் ஊரில், அந்த எண்களைக் கோப்பில் இட்டு அணையின் முழு மட்டமான 120 அடிக் கோட்டோடு ஒப்பிட்டு வரைந்தால், அந்தப் படத்தைப் பார்க்க அப்பாவும் பக்கத்தில் வந்து உட்காருவார்.

பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே தமிழில் ஒரு நிரல்மொழியும் பிறந்திருக்கிறது: முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’. அதில் நிபந்தனை முன்னால் வரும், ‘ஆனால்’ என்ற சொல் பின்னால் வரும், நாம் பேசுகிற வரிசையில். அச்சிடச் சொல்ல ‘பதிப்பி’, மடக்குக்கு ‘வரை’, தொகுதியை மூட ‘முடி’. எழிலில் தொடங்கினாலும் பிறகு பைத்தானுக்கு வரத்தான் வேண்டும்; ஆனால் முதல் நிரலைத் தாய்மொழியில் எழுதியவருக்கு அந்தத் தாண்டல் சிறியது என்பது என் நம்பிக்கை. எழிலோடு வளர்ந்த ‘ஓப்பன்-தமிழ்’ நிரல்தொகுப்பு, தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. அது திறந்த மூலம், எழுதியிருப்பது பைத்தானில். ஆசிரியரும் மாணவரும் லேபில் அதைத் திறந்து, தாங்கள் எழுதிய ஐந்து வரியோடு ஒப்பிடலாம். ஐந்து வரி எங்கே சறுக்கும் என்பதும் அப்போது தெரியும்: ‘க்ஷ’வை அது இரண்டாக எண்ணும். அதை ஒன்று என்பதா இரண்டு என்பதா என்று தமிழாசிரியரையும் அழைத்து விவாதித்து முடிவெடுத்து, ஆறாவது வரியாகச் சேர்க்கலாம்.