விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத வலி

உன்னிச்சைக் குளத்தருகே குடியிருக்கும் ஒருவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக இருபது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் கடக்க வேண்டும். வயல்வெளிகளைத் தாண்டி வவுணதீவு வந்து, வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தால்தான் நகரம். இரவானால் வழியில் யானை நிற்குமோ என்ற பயம் வேறு. வாவியின் இந்தப் பக்கமான படுவான்கரையின் மக்கள் இந்தத் தூரத்தோடு வாழப் பழகியவர்கள். பிரசவ வலி கண்டால் உடனே வண்டி தேடுவார்கள். பாம்பு கடித்தால் எந்த வீட்டிலும் விடியும்வரை பார்த்திருக்க மாட்டார்கள். நெஞ்சுவலிக்கு மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

காரணம் ஒரு சொல்: வாய்வு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சு அடைத்தால் முதலில் இஞ்சி போட்ட பிளேன்டீ வரும். அடுத்து வெந்நீர், முதுகுக்குத் தைலம், அலுமாரியில் கிடக்கும் கஸ்ரிக் மாத்திரை. ஒவ்வொன்றையும் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்ப்பார்கள். இடையில் வலி சற்றுத் தணிந்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று படுத்துவிடுவார்கள். இப்படி வீட்டுக்குள்ளேயே மூன்று மணித்தியாலம் போய்விடும். அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்தால் யாரும் அப்படிப் பொறுக்க மாட்டார்கள்.

இதயத்தின் அறைகளில் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருந்தாலும் இதயத்தசை அதிலிருந்து நேரடியாக உணவு பெறுவதில்லை. அதற்கென்று தனியே முடியுரு நாடிகள் உண்டு. குளம் நிரம்பிக் கிடந்தாலும் வாய்க்கால் அடைபட்டால் அதை நம்பிய வயல் காய்ந்துவிடும் அல்லவா, அதே கதைதான். பல ஆண்டுகளாக நாடியின் சுவரில் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து பாதையை மூடுவதே மாரடைப்பு. முழுதாக மூடிய இருபது முதல் நாற்பது நிமிடங்களுக்குள் தசை சாகத் தொடங்குகிறது. அடைப்பு நீங்காவிட்டால், ஆறு மணித்தியாலமளவில் அந்தப் பகுதியின் பெரும்பங்கு செத்துவிடும். செத்த தசை மீண்டும் முளைப்பதில்லை.

இந்த நேரக் கணக்கை மருத்துவ உலகம் எண்ணிப் பார்த்திருக்கிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் லான்செற் மருத்துவ இதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. வலி தொடங்கிய முதல் மணித்தியாலத்துக்குள் மருந்து கிடைத்தால் 1,000 பேரில் கூடுதலாக 65 உயிர்கள் தப்புகின்றன. இரண்டாம் மணித்தியாலத்தில் அது 37. மூன்றாம் மணித்தியாலத்தில் 26. பிந்திப் போனாலும் பயன் உண்டு, ஆகவே நேரம் கடந்துவிட்டதே என்று யாரும் வீட்டில் தங்கிவிடக் கூடாது. ஆனால் பிந்தப் பிந்தப் பயன் குறைகிறது.

மாரடைப்பின் வலி எப்படியிருக்கும்? பலர் அதை வலி என்றே சொல்வதில்லை. நெஞ்சின் நடுவில் பாரம், இறுக்கம், அடைப்பு, எரிவு என்று சொல்வார்கள். அது இடது கைக்கோ, இரண்டு கைகளுக்குமோ, தாடைக்கோ, கழுத்துக்கோ, முதுகுக்கோ, மேல் வயிற்றுக்கோ பரவலாம். கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், ஓங்காளம், தலைச்சுற்று வரலாம். நெஞ்சுப் பாரத்தோடு காரணமில்லாமல் உடம்பு வியர்த்துக் கொட்டினால் அதை வாய்வு என்று ஒதுக்கவே கூடாது.

எல்லாருக்கும் இந்த அடையாளங்கள் ஒரேபோல வருவதில்லை. சீனி வருத்தம் நெடுநாள் உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதடைந்திருப்பதால் வலியே தெரியாமல் போகலாம். பெண்களிலும் முதியவர்களிலும் மூச்சுத்திணறல், திடீர்க் களைப்பு, வயிற்றுப் பிரட்டல் மட்டுமே முன்னுக்கு நிற்கலாம். அம்மம்மாவுக்கு நெஞ்சுவலி இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். அவருக்கு நீரிழிவு இருந்தால் திடீர் மூச்சு வாங்கலே போதிய எச்சரிக்கை. வயதும் காவல் அல்ல. 2007-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின்படி தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 வயதில்.

சிலருக்கு இதயம் முன்கூட்டியே சொல்லிவிடும். வட்டையில் மண்வெட்டி பிடிக்கும்போது, நெல் மூட்டை தூக்கும்போது, சைக்கிளில் மேடு ஏறும்போது நெஞ்சு இறுகும். நின்று ஆறினால் சில நிமிடங்களில் விட்டுவிடும். நாடி ஒடுங்கியிருப்பதற்கான அடையாளம் அது. விட்டுவிட்டதே என்று மறக்காமல் அந்த வாரமே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதே இறுக்கம் முன்பைவிடக் குறைந்த வேலைக்கு வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ, சும்மா இருக்கும்போது வந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நெஞ்சுவலி எல்லாமே மாரடைப்பு அல்ல. விரலால் அழுத்தினால் அதே இடத்தில் நோகும் வலி பெரும்பாலும் தசையிலோ விலா எலும்பு மூட்டிலோ இருந்து வருவது. குனிந்தால், படுத்தால் கூடும் எரிவு இரைப்பை அமிலத்தால் வரலாம். காய்ச்சலும் இருமலும் சேர்ந்து, மூச்சை இழுக்கும்போது குத்தினால் நுரையீரலில் தொற்று இருக்கலாம். இவற்றுக்கு நடுவிலும் ஆபத்தானவை உண்டு. கிழிப்பதுபோல் திடீரென முதுகுக்குப் பாயும் வலி பெருநாடி கிழிவதாக இருக்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகோ நெடுநாள் படுக்கைக்குப் பிறகோ ஒரு கால் வீங்கி, திடீரென மூச்சுத் திணறினால் நுரையீரல் நாடியில் இரத்தக்கட்டி சிக்கியிருக்கலாம். எது எது என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை, வீட்டாரின் வேலையல்ல.

ஆக, வீட்டார் செய்ய வேண்டியது என்ன? நெஞ்சு இறுக்கம் ஓய்வெடுத்தும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் 1990 என்ற எண்ணை அழையுங்கள். வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அந்த ஐந்து நிமிடமும் வேண்டாம். 1990 என்பது சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. 2016-இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. கட்டணம் இல்லை. வண்டியில் ஒட்சிசன் இருக்கும், பயிற்சி பெற்ற அவசர சிகிச்சை உதவியாளரும் இருப்பார். ஊர்ப் பெயரோடு கோவில், பாடசாலை, சந்தி என்று ஓர் அடையாளமும் சொல்லுங்கள். ஒருவர் வீதிக்கு வந்து விளக்கோடு நிற்கட்டும்.

நோயாளியை நடக்க விடாமல் சாய்ந்து உட்கார வையுங்கள். அவர் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகவே கூடாது. வழியில் மயங்கினால் இரண்டு ஆபத்து. அஸ்பிரின் ஒவ்வாமையோ, இரத்தம் கசியும் குடற்புண்ணோ இல்லாதவர் என்றால், 1990-இல் பேசுபவரைக் கேட்டு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம். 17,187 நோயாளர்களில் நடந்து 1988-இல் வெளியான ஆய்வில் அஸ்பிரின் தனியாகவே ஐந்து வார இறப்பை ஏறத்தாழ 23 வீதம் குறைத்தது. கட்டி கரைக்கும் மருந்தும் சேர்ந்தபோது 42 வீதம். நாக்குக்குக் கீழே வைக்கும் மாத்திரை வைத்தியர் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும் உரியது. பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கிக் கொடுக்கக் கூடாது. நோயாளி மயங்கி, மூச்சும் இல்லாமல் போனால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள்.

அம்புலன்ஸ் வரப் பிந்துமென்றால் ஓட்டோவோ வானோ பிடியுங்கள். போக வேண்டியது வைத்தியரும் ஈ.சி.ஜி. இயந்திரமும் எந்நேரமும் உள்ள அரச வைத்தியசாலைக்கு. உங்கள் ஊருக்கு அருகே அது எது என்பதைச் சுகமாக இருக்கும் ஒரு பகல் பொழுதில் விசாரித்து வையுங்கள். கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மாத்திரைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். முதல் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் வைத்தியர் தங்கச் சொன்னால் தங்குங்கள். தொடக்கத்தில் ஈ.சி.ஜி. மாற்றம் காட்டாமல் இருக்கலாம். தசை பழுதானதைக் காட்டும் ட்ரோபொனின் இரத்தத்தில் ஏறச் சில மணித்தியாலம் ஆகும். அதனால்தான் இரண்டாம் தடவையும் இரத்தம் எடுக்கிறார்கள்.

தூரத்து ஊர்களால் இதைச் சாதிக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. அங்கே 2012 முதல் 2014 வரை நான்கு பெரிய இதய வைத்தியசாலைகளோடு சுற்றியுள்ள சிறு வைத்தியசாலைகளை இணைத்து ஒரு திட்டம் நடந்தது. 2,420 நோயாளர்களின் கணக்கில், ஓர் ஆண்டுக்குள் இறந்தோர் 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதமாகக் குறைந்தனர். 2023-இல் தமிழ்நாடு அரசு இதயம் காப்போம் திட்டத்தைத் தொடங்கி, முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பச் செய்தது. முதல் மருந்து கிராமத்துக்கே வந்துவிட்டது. ஆனால் அங்கும் நோயாளி வீட்டைவிட்டு வெளிக்கிட்டால்தான் மருந்து.

புகைத்தல், வெற்றிலையோடு போடும் புகையிலை, கட்டுப்படாத பிரஷர், சீனி, கொழுப்பு ஆகியவையே இந்த நோயின் வேர். 35 வயதைக் கடந்தவர்கள் பிரஷர், சீனி, கொழுப்பை அரச சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். அது ஆண்டுக்கணக்கில் செய்யும் காவல். நெஞ்சு இறுகிய இரவில் உதவப்போவது வீட்டாரின் தீர்மானம் மட்டுமே.

உன்னிச்சையிலிருந்து நகரத்துக்கு உள்ள தூரத்தை எந்தக் குடும்பத்தாலும் குறைக்க முடியாது. பிளேன்டீக்கும் தைலத்துக்கும் கொடுக்கும் நேரத்தைக் குறைக்க முடியும். போய்ப் பார்த்து வாய்வுதான் என்று வைத்தியர் சொன்னால் ஓர் இரவுத் தூக்கம் போனதோடு சரி. 1990 என்ற எண்ணை இன்றைக்கே வீட்டிலுள்ள எல்லாருடைய தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.