டெர்மினலில் வரும் தமிழ் ஐகானைத் தட்டினால் வராதது ஏன்?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. சிரம்பான் வட்டாரத் தோட்டத்து வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி, பிள்ளையின் தமிழ்க் கட்டுரையும் அதில்தான் என்றால், முதல் கேள்வி தமிழ்த் தட்டச்சுதான்.

லினக்சில் ஐபஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும், ஆங்கில விசைகளை ஒலிப்படி தட்டும் முறையும் கிடைக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் பழகிய கைக்கு இரண்டாவது அந்நியமாக இருக்காது.

சிக்கல் வேறிடத்தில். எந்தத் தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்துவது என்பதை நிரல்கள் 'சூழல் மாறிகள்' என்னும் குறிப்புகளைப் பார்த்துத் தெரிந்துகொள்கின்றன. ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், கியூடி_ஐஎம்_மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ் என மூன்று. ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். முதல் இரண்டுக்கும் மதிப்பு ஐபஸ்; மூன்றாவதற்கு மட்டும் '@ஐஎம்=ஐபஸ்'. பலர் இவற்றை 'பேஷ்ஆர்சி' கோப்பில் எழுதிவிடுகிறார்கள். டெர்மினலில் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும். அங்கிருந்து லிப்ரே ஆபிஸைத் திறந்தால் தமிழும் வரும். ஐகானைத் தட்டித் திறந்தால் ஆங்கிலம் மட்டுமே.

காரணம் எளிது. ஒரு நிரலுக்குச் சூழல் மாறிகள் தன்னைத் தொடங்கிவைத்த நிரலிடமிருந்தே வருகின்றன. பேஷ்ஆர்சியைப் படிப்பது டெர்மினலுக்குள் ஓடும் ஷெல். ஐகானைத் தட்டும்போது நிரலைத் தொடங்குவது டெஸ்க்டாப். அது அந்தக் கோப்பைத் திறந்தே பார்க்காது. காலைப் பெரட்டில் சொன்ன சேதி எல்லா நிரைக்கும் போகும். லயத்து வீட்டு வாசலில் சொன்னது அந்த வீட்டோடு நின்றுவிடும்.

கணினியில் பெரட்டுக் களம் என்பது கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரை. உபுண்டு வகைகளில் அந்த நேரத்தில் படிக்கப்படுவது வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் 'புரொஃபைல்' கோப்பு. மூன்று வரியும் அதில் இருக்கவேண்டும், ஒவ்வொன்றின் முன்னும் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல்லோடு. 'பேஷ்_புரொஃபைல்' என்று இன்னொரு கோப்பு இருந்தால் சில வேளைகளில் இது கவனிக்கப்படாது. கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் வேண்டுமென்றால் 'இடிசி' கோப்புறையின் 'என்விரான்மென்ட்' கோப்பு உண்டு. அங்கே பெயர், சமக்குறி, மதிப்பு அவ்வளவே; டாலர் குறி போட்டு வேறொன்றின் மதிப்பை இழுக்க முடியாது.

க்னோம் டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஐபஸ் அதனுடன் இணைந்தே வருகிறது. பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றில்தான் தேவைப்படும். அங்கும் 'ஐஎம்-கான்ஃபிக்' கருவி இருந்தால் அதுவே இந்த வேலையைச் செய்துவிடும். கையால் எழுதுவதைவிட அது மேல்.

மாற்றியபின் சன்னலை மூடித் திறந்தால் போதாது. ஒருமுறை முழுதாக வெளியேறி மறுபடி நுழையவேண்டும். புரொஃபைல் கோப்பில் ஒரு மேற்கோள் குறி மூடாமல் விட்டாலும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வரக்கூடும். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும்; அதில் நுழைந்து அந்த வரியைத் திருத்தலாம்.