புது பிராசசர் வந்தாச்சு... பழைய கம்ப்யூட்டரை தூக்கிப் போடணுமா?

சென்னை:

அண்ணா சாலை பக்கம் உள்ள ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே, "எந்த ஜெனரேஷன் சார் வெச்சிருக்கீங்க?" என்பதுதான். ஆறு, ஏழு என்று சொல்லிவிட்டால் போச்சு. ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி பார்ப்பார்கள்.

ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், ஆன்லைனில் அப்ளிகேஷன் போட்டுத் தருபவர்கள், பிளக்ஸ் டிசைன் செய்பவர்கள்... இவர்களுக்கெல்லாம் சோறு போடுவதே அந்த ஒரு பெட்டிதான். புதுசு வாங்கணும்னா நகை அடகுக் கடைக்குப் போகும், இல்லாவிட்டால் தண்டல் வாங்க வேண்டும். அப்படி வாங்கிப் போட்டும் வேலை பழைய வேகத்திலேயே ஓடினால்? வயிறு எரியாமல் என்ன செய்யும்!

இந்த ஜெனரேஷன் கணக்கை முதலில் புரிந்து கொள்வது நல்லது. ஐ5-7400 என்றால் ஏழாவது தலைமுறை. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாவது. கோடுக்குப் பிறகு வரும் எண்ணில், கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் தலைமுறை தெரிந்துவிடும்.

எண் கூடினால் வேகமும் அதே அளவுக்குக் கூடும் என்று நினைப்பதுதான் தப்பு. 2011-ல் வந்த ஐ7-2600-க்கு 4 கோர். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700-க்கும் அதே 4 கோர்தான்! ஆறு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகம் ஏறியது. 2017-ல் ஏ.எம்.டி. கம்பெனி 8 கோரோடு ரைசனை இறக்கியது. அதே வருஷம் வந்த இன்டெல் எட்டாவது தலைமுறையில் ஐ5-க்கு 6 கோர், ஐ3-க்கு 4 கோர் கிடைத்தது. அது நிஜமான மாற்றம்.

13-வதில் இருந்து 14-வதுக்குப் போனதைப் பாருங்கள். ஐ5-13400-க்கு 10 கோர், ஐ5-14400-க்கும் 10 கோர். உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸில் இருந்து 4.7 ஆனது. அவ்வளவுதான் சங்கதி. இதற்காக கடன் வாங்குவது வீண். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை கரண்ட்டை மிச்சப்படுத்தியது. ஆனால் பல கேம்களில் 14-வது தலைமுறையைக்கூட எட்டிப்பிடிக்கவில்லை.

தனியா வராது, கூட்டத்தோடு வரும்!

"பிராசசர் மட்டும் மாத்தினா போதும்ல?" என்று கேட்பவர்கள் அதிகம். போதாது. இன்டெல்லில் 6, 7-வது தலைமுறைகளுக்கு ஒரு வகை போர்டு. 8, 9-க்கு வேறு. 12, 13, 14-க்கு வேறு. கோர் அல்ட்ரா 200-க்கு அதுவும் இல்லை, இன்னொன்று. இதில் ஒரு கூத்து என்னவென்றால், ஏழாவது தலைமுறை போர்டில் எட்டாவது தலைமுறை பிராசசர் உட்காரும். பின் எண்ணிக்கைகூட ஒன்றுதான். ஆனால் வேலை செய்யாது!

போர்டு மாறினால் பெரும்பாலும் ராமும் மாறும். கோர் அல்ட்ரா 200-க்கும், ரைசன் 7000, 9000 வரிசைகளுக்கும் டி.டி.ஆர்.5 ராம் கட்டாயம். கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 அதில் நுழையாது. 2025 கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக எகிறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். அதனால் பிராசசர் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யக் கூடாது. போர்டு, ராம், தேவைப்பட்டால் எஸ்.எம்.பி.எஸ்., எல்லாத்தையும் கூட்டி ஒரே தொகையாக கேட்க வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. இப்போதைய லேப்டாப்களில் பிராசசரை போர்டோடு சேர்த்தே ஒட்டி விடுகிறார்கள், மாற்ற முடியாது.

கோளாறு எங்கே?

காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. வழக்கமாக செய்யும் வேலையை ஓட விடுங்கள். சிஸ்டம் திணறும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சி.பி.யு. 20, 30-ல் சும்மா இருக்கிறதா? அப்படியானால் பிராசசர் மேல் பழி போடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். எஸ்.எஸ்.டி. போட்டு அதில் விண்டோஸை ஏற்றினால், ஆன் ஆகவே நிமிஷக்கணக்கில் எடுத்த பெட்டி சில நொடிகளில் எழுந்து உட்காரும். மெமரி 90-ஐ தாண்டினால் ராம் போதவில்லை. 4 ஜி.பி.யில் குரோம், போட்டோஷாப் இரண்டையும் திறந்து வைத்தால் எந்த பிராசசராக இருந்தாலும் முழி பிதுங்கும்.

வேலை முழுக்க சி.பி.யு.வே 100-ல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் பிராசசர் பேச்சு. முன்னாடி ஒரு தடவை கேபினெட்டைத் திறந்து தூசு தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தை குறைத்துக்கொள்ளும்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் கதை வேறு. ராத்திரி ரெண்டரிங் போட்டுவிட்டுப் படுத்தால் காலையிலும் முடியவில்லை என்றால், கூடுதல் கோர் நேரடியாக வருமானம். பழைய 4 கோர் பிராசசரில் இருந்து ஐ5-12400 மாதிரி 6 கோருக்கு வந்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதற்குப் புத்தம் புது தலைமுறை தேவையே இல்லை. டேலி, டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் வேலைக்கு இதில் பாதி வேகம் போதும்.

செலவு குறைவாக முடிகிற இரண்டு வழிகள் உண்டு. 12-வது தலைமுறை ஐ3 வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் செய்துவிட்டு, அதே போர்டில் 13, 14-வது தலைமுறை ஐ5 போடலாம். ஏ.எம்.டி.யில் 2018-ல் வந்த பி450 போர்டு இருந்தால், பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரைசன் 5 5600 ஏறும். ராம் அப்படியே இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் 13, 14-வது தலைமுறை ஐ7, ஐ9 கிடைத்தால் உஷார். அதிக வோல்டேஜ் ஏறி பிராசசர் பழுதாகும் பிரச்சினையை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. பில் இல்லாமல் வாங்காதீர்கள், புது பயாஸ் போட்ட பிறகே ஓட்டுங்கள்.

விண்டோஸ் 10 சிக்கல்

வேகம் போதும் என்றாலும் மாற்ற வைக்கிற ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தார்கள். விண்டோஸ் 11-க்கோ பெரும்பாலும் இன்டெல் எட்டாவது தலைமுறை, அல்லது ரைசன் 2000 வரிசைக்கு மேல் வேண்டும். கூடவே டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய பெட்டியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. பிரவுசர் வேலை மட்டும் என்றால் லினக்ஸ் இலவசம். டேலி, கோரல் டிராவை நம்பி இருப்பவர்களுக்கு அது சரிப்படாது. பணப் பரிமாற்றம், ஆதார் என்று புழங்கும் கடையில் எட்டாவது தலைமுறைக்கு கீழே இருக்கிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றத்தான் வேண்டும். புதுசுதான் என்று இல்லை, எட்டாவது, பத்தாவது தலைமுறை பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே போதும்.

எக்ஸ்சேஞ்சில் பழைய பெட்டியைக் கொடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கை கழற்றி கையில் வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர்களின் ஆதார், பான் கார்டு ஸ்கேன் எல்லாம் அதில்தான் கிடக்கும். டெலிட் செய்தாலும் திரும்ப எடுத்துவிட முடியும்.