குச்சவெளிக் கிணறு

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். தமிழாசிரியர் யாவரும் ஆண்டுதோறும் கொடுக்கும் பழைய தலைப்புத்தான். ஒரு மாணவன் குச்சவெளி என்னும் கடற்கரையூரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். கரைவலை இழுக்கும் காலைப்பொழுது, வீட்டு முற்றத்துக் கிணறு எல்லாம் அதில் இருந்தன. அவனோ எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள முகாமில் பிறந்து வளர்ந்தவன். ‘காணாத ஊரைப் பற்றி எழுதாதே’ என்று சிவப்பு மையால் குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். கீழ்த்திசைக் கல்லூரியில் நாட்டுப்படலங்களை நெட்டுருச் செய்தவன் நான். அவற்றைப் பாடிய புலவரெல்லாம் அந்நாடுகளைக் கண்டுதான் பாடினரா என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவன் தாய் வந்தார். “ஐயா, நான் சொல்லித்தான் பிள்ளை எழுதினவன். அது எங்கட ஊர்தான். பிழையெண்டு போட்டுவிட்டீங்களே” என்றார். நான் தலைகுனிந்தேன்.

குச்சவெளி, திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைக் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ளது. அயலூரான திரியாய் 1985இல் தீக்கிரையாயிற்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, அவ்வம்மையார் காட்டு வழியே மன்னார்க் கரையை அடைந்து, படகேறி மண்டபம் வந்தவர். அம்மண்டபம் முகாமின் வரலாறு விந்தையானது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழகத் தொழிலாளரை நிறுத்திவைத்து, நோயுண்டா என்று ஆராய்ந்து அனுப்பிய இடம் அது. அன்று போவார்க்கு வாயில். 1983க்குப் பின் வருவார்க்கு வாயில். இத்துயர் ஒரு சாரார்க்கே உரியதுமன்று. அதே 1990இல், அக்டோபர்த் திங்களில், வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சேர்ந்தனர்.

இவர்களை எச்சொல்லால் அழைப்பது? ‘அகதி’ என்றால் கதியற்றவர். ‘ஏதிலி’ என்பாரும் உளர். ஆனால் ஏதிலார் என்பதற்கு வள்ளுவர் கொண்ட பொருள் அயலார் என்பது. நம் மொழியே பேசுவோர் அயலார் ஆவரோ? ‘புலம்பெயர்ந்தோர்’ என்பது செவிக்கு இனிது. எனினும் பட்டினப்பாலை காட்டும் புலம்பெயர்ந்தோர் வாணிகம் கருதித் தாமே விரும்பி வந்தவர். உயிரஞ்சி ஓடிவந்தவர் அல்லர். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. நல்ல மாற்றமே. ஆயினும் முகாம் என்ற பகுதி அப்படியே நிற்கிறது. அவ்வாண்டில் ஏறத்தாழ 58,000 பேர் முகாம்களில் வாழ்ந்தனர்.

இந்திய மண்ணில் பிறந்தும் என் மாணவன் இந்தியக் குடிமகன் அல்லன். 1987 ஜூலைக்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும் என்பது சட்டம். 2019இல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைச் சொல்லி நின்றுவிட்டது. அவன் இன்று தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தமிழ் கற்பிக்க எல்லாத் தகுதியும் உண்டு. அரசுப் பள்ளியின் வாயில் மட்டும் அவனுக்குத் திறவாது.

சென்ற ஆண்டு ஓர் இலக்கிய விழாவிற்காகத் திருகோணமலை செல்ல நேர்ந்தது. செய்தியறிந்த அம்மையார், “எங்கட வளவு கிடக்கோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ, ஐயா” என்று வழியும் அடையாளமும் சொல்லி அனுப்பினார். சென்றேன். போரும் 2004இன் ஆழிப்பேரலையும் தாக்கிய கரை அது. அவர் சொன்ன தடத்தில் வீடு இல்லை, பற்றைக்காடு மண்டியிருந்தது. நடுவே ஒரு வட்டக் கிணறு. எட்டிப் பார்த்தேன், நீர் இருந்தது. பெருமகிழ்ச்சியோடு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

முகாமிற்குச் சென்று படத்தைக் காட்டினேன். மகனும் அருகில் வந்து குனிந்து பார்த்தான். அம்மையார் நெடுநேரம் உற்று நோக்கினார்.

“இது எங்கட கிணறு இல்லை, ஐயா. எங்கடது சதுரக் கட்டு. இது பக்கத்து வளவுக்காரற்ற. அவையள் இப்ப எங்க இருக்கினமோ” என்றார்.