விட்டுவிட்டு வரும் நாடித் தடுமாற்றமும் மருந்தும்

ஓய்விலிருக்கும் வளர்ந்தோரின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை ஒரே ஒழுங்கில் துடிப்பது இயல்பு. மேலறைகளில் மின்தூண்டல்கள் முறையின்றி எழுமாயின், அவ்வறைகள் செவ்வனே சுருங்காது நடுங்கும், நாடியும் தாறுமாறாகும். சிலரில் இத்தடுமாற்றம் சில நிமிடமோ சில நாளோ நின்று, தானே மறையும். மாத்தளை மலைத்தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு முற்பகலில் நெஞ்சு படபடத்தால், அவள் பட்டணத்து வைத்தியசாலையை அடையுமுன் நாடி சீராகிவிடக்கூடும். நோய் நீங்கிற்றென அவள் திரும்பிவிடின், அதுவே பேரிடருக்கு வழியாகும்.

இந்நோய்க்குரிய பழைய மருந்தொன்றின் வரலாறு மலைநாட்டுடன் தொடர்புடையது. 1869ஆம் ஆண்டின் பின் இலைநோயால் கோப்பிப் பயிர் அழியத் தோட்டக்காரர் தேயிலை, கொக்கோ, சிங்கோனா முதலியவற்றை நாடினர். சிங்கோனாப் பட்டையிலிருந்து பெறப்படும் கொயினா மலேரியாவுக்கு மருந்தாயிற்று. கொயினா உட்கொண்டால் தம் நாடி சீராவதை வணிகர் ஒருவர் 1912இல் டச்சு மருத்துவர் வெங்கபாக்குக்குக் காட்டினார். அதே பட்டையிலுள்ள குயினிடின் இதனினும் வலிதென 1918இல் பிறே என்பார் கண்டார். ஆயினும் குயினிடினே சிலரில் உயிராபத்தான வேறு துடிப்புக் கோளாறுகளை விளைவித்தமையால், பிற்காலத்தில் அதன் பயன்பாடு அருகிற்று.

இன்றைய சிகிச்சையின் நோக்கங்கள் மூன்று. துடிப்பின் வேகத்தைத் தணித்தல் ஒன்று. இதற்குப் பீற்றாத் தடுப்பு மருந்துகள் உதவும். ஒழுங்கை மீட்டு நிலைநிறுத்தல் மற்றொன்று. அமியோடறோன் போன்றவை இதற்குரியன. மூன்றாவது, இரத்தம் உறைவதைத் தடுத்தல். நடுங்கும் மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். படபடப்பு நின்றபோதும் இவ்வபாயம் முற்றாக நீங்குவதில்லை. ஆகவே அபாயம் மிக்கோர், நாடி சீராயுள்ள நாட்களிலும் வார்பரின் முதலிய மருந்தை விடாது உட்கொள்ளல் வேண்டும். வார்பரின் உண்போர் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடலாகாது. அளவு மிகின் இரத்தப்பெருக்கு உண்டாகும்.

வருமுன் காத்தலும் இயலும். உயர் இரத்த அழுத்தத்தை அடக்கல், மதுவை விலக்கல், உடற்பருமனைக் குறைத்தல் ஆகியன முதன்மையானவை. சிறுவயதில் வாதக் காய்ச்சல் கண்டோர் மருத்துவர் விதித்த காலம் முழுவதும் பென்சிலின் பெறுவராயின், இருதய வாயில்கள் மேலும் பழுதுறாமற் காக்கலாம்.

படபடப்பு எழும் வேளையில் மணிக்கட்டில் விரல்வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணி, அதன் ஒழுங்கையும் நேரத்தையும் குறித்து வைத்தல் எவர்க்கும் எளிது. அதனுடன் மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றின், எண்ணிக்கொண்டிராது உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும். ஏனையோர் அக்குறிப்புடன் மருத்துவரை நாடுவராயின், மறைந்துபோன தடுமாற்றமும் அவர் கணிப்புக்குத் தப்பாது.