கண்ட பின்னர் இடும் கையொப்பம்



ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமாகும் ஆண்டுகளில், குடவாசலைச் சுற்றியுள்ள வயல்களில் குறுவைப் பருவம் முழுவதும் இறைப்பு எஞ்சின்களின் ஒலி கேட்கும். அவ்வொலி சற்றே பிசகினாலும் அனுபவம் மிக்க உழவர் உடனே எஞ்சினை நிறுத்திவிடுவார், எண்ணெயைப் பார்ப்பார், திருகாணியை முடுக்குவார். நின்ற எஞ்சின் வரப்பின்மீது கிடக்கும், பெருங்கேடு ஒன்றுமில்லை. ஆனால் முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்தில் பழுது நேர்ந்தால், நிறுத்திப் பார்க்க வரப்பு ஏது? ஆகவே, பழுது வந்தபின் திருத்துவதைக் காட்டிலும் வருமுன் கண்டறிவதே விமான எஞ்சின் பராமரிப்பின் உயிர்நாடியாகும்.

இத்தொழில் நமக்கு மிகத் தொலைவில் இல்லை. 2020-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222-ஆம் படைப்பிரிவு சுகோய்-30 விமானங்களுடன் சேர்க்கப்பட்டது. அவ்விமானம் ஒவ்வொன்றிலும் இரண்டு எஞ்சின்கள் உள்ளன. அவற்றை முற்றிலும் பிரித்துச் சீரமைக்கும் பெரும்பணி, ஒடிசாவிலுள்ள கோராபுட்டில், இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் எஞ்சின் பிரிவில் நடைபெறுகிறது. 1940-இல் பெங்களூரில் தோன்றிய அந்நிறுவனம், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையாகவும் விளங்கியது.

ஜெட் எஞ்சின் வேலை செய்யும் முறை எளிதில் விளங்கக் கூடியதே. முன்புறத்துச் சுழலிகள் காற்றை இழுத்து அமுக்குகின்றன. அமுக்கப்பட்ட காற்றில் எரிபொருள் எரிகிறது. பொங்கியெழும் வெப்ப வாயு பின்புறத்துச் சுழலியைச் சுற்றிக்கொண்டு சீறி வெளியேறுகிறது. பின்சுழலியின் அச்சே முன்சுழலிகளையும் சுற்றுகிறது. ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தின் அருகே, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழலும் அந்த அச்சைத் தாங்குபவை பேரிங்குகள். பேரிங்குகளைக் காப்பது மசகெண்ணெய்.

வைத்தியர் குருதியைச் சோதித்து நோயை அறிவது போல, எஞ்சின் பணியாளர் எண்ணெயைச் சோதித்துத் தேய்மானத்தை அறிகிறார். எண்ணெய் ஓடும் வழியில் காந்தமுனையுள்ள அடைப்பான் ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். பேரிங்கு தேய்ந்தால் அதன் இரும்புத் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். குறித்த காலத்தில் அதைக் கழற்றிப் பார்த்தால் உள்ளிருக்கும் நோய் வெளியே தெரிந்துவிடும். சுழலி இதழ்களில் வெடிப்பு உண்டா என்றறிய, சிறு துளையின் வழியே மெல்லிய நோக்குக்குழலைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு.

இத்தனை நுட்பமான கருவியையும் மனிதனின் அயர்வு பயனற்றதாக்கிவிடக் கூடும். 1983-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், ஈஸ்டர்ன் ஏர்லைன்சின் மூன்று எஞ்சின் விமானம் ஒன்று, 172 பேருடன் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து பகாமாத் தீவுகளிலுள்ள நசோ நகருக்குப் புறப்பட்டது. வழியில் நடு எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் குறையவே, விமானி அதை நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பினார். சிறிது நேரத்தில் மற்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கீழே கடல், மேலே ஓர் எஞ்சினும் ஓடாத விமானம். ஏறத்தாழ 4,000 அடிக்கு இறங்கியபோது, முதலில் நிறுத்திய எஞ்சின் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஒன்றைக் கொண்டே விமானம் தரையிறங்கியது. எவருக்கும் காயமில்லை.

காரணம் என்ன? அன்று அதிகாலையில் மூன்று எஞ்சின்களிலும் காந்த அடைப்பான்களை மாற்றியிருந்தார்கள். ஆனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சிறு ரப்பர் வளையங்கள் ஒன்றிலும் இல்லை. வழக்கமாக வளையத்துடனேயே கைக்கு வரும் உறுப்பு, அன்றும் அவ்வாறே இருக்கும் என்று பணியாளர்கள் எண்ணிவிட்டார்கள். வளையம் பொருத்தப்பட்டதாகப் பணியட்டையில் கையொப்பமும் விழுந்தது. நோயறிய வைத்த கருவியே நோய்க்கு வழியாயிற்று!

கடல் கடந்து நெடுந்தொலைவு செல்லும் இரட்டை எஞ்சின் விமானங்களில், ஒரே பணியாளர் ஒரே வேலையை ஒரே சமயத்தில் இரண்டு எஞ்சின்களிலும் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது இன்று விதி. ஒருவரின் மறதி இரண்டையும் பற்றிவிடக் கூடாதல்லவா? நம் நாட்டிலும், பராமரிப்பு முடிந்த பயணிகள் விமானம், உரிமம் பெற்றவர் கையொப்பமிட்ட பின்னரே பறக்கலாம்.

அந்தப் பணியாளர்களைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், மாணவர்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும்போது தலைகளை எண்ணாமலே, ‘அனைவரும் வந்தனர்’ என்று குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். பேருந்து பாதி வழி வந்தபின்னரே ஒரு சிறுவன் இல்லையென்பது தெரிந்தது. ஓடிச்சென்று பார்த்தபோது அவன் நந்தி மண்டபத்தருகே அழுதுகொண்டிருந்தான். அன்றுமுதல் எண்ணாமல் எழுதியதில்லை.

கையொப்பம் என்பது வெறும் மையன்று. ‘நான் என் கண்ணால் கண்டேன்’ என்னும் சாட்சியம் அது. விமானத்தில் அமர்ந்து கண்ணயரும் பயணி, தாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவரின் அந்தச் சாட்சியத்தை நம்பியே உறங்குகிறார்.