இருவர்க்கும் ஒரே அளவுகோல்

'கற்பு' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருபவர் யார்? கண்ணகி வருவாள், சீதை வருவாள். ஏகபத்தினி விரதன் என்று இராமனைப் போற்றும் நாம், அவனைக் 'கற்புடையவன்' என்று சொல்ல நா எழாமல் நிற்கிறோம். ஒழுக்கம் என்னவோ பொதுப் பொருள்தான். நாம்தான் அதனைப் பெண்ணின் பெயருக்குப் பட்டா எழுதி வைத்துவிட்டோம்.

இது நம்மவரிடம் மட்டும் காணும் குறையன்று. கிறிஸ்தவ சமயம் பிறந்த காலத்து உலகமும் இப்படித்தான் இருந்தது. கி.மு. 18இல் அகஸ்டஸ் பேரரசர் கொணர்ந்த உரோமச் சட்டம், மணமான பெண் நெறி தவறினால் அதனைப் பெருங்குற்றமாகக் கொண்டது. ஆனால் நெறி தவறிய கணவன்மீது வழக்காட மனைவிக்கு உரிமை இல்லை. பண்டை யூதச் சட்டத்திலும், பிறன் மனைவியைச் சேர்ந்த ஆணுக்கும் அவளுக்கும் மரண தண்டனை உண்டு. மணமான ஆண் மணமாகாத பெண்ணைச் சேர்ந்தாலோ அதற்கு விபசாரம் என்ற பெயர் இல்லை. இங்கெல்லாம் குற்றம் எது? மற்றொரு கணவனின் உரிமையில் கை வைத்ததே குற்றம்.

இத்தகைய உலகில் இயேசு பெருமான் கூறியவை மூன்று இடங்களில் புதுமையாக ஒலிக்கின்றன.

முதலாவது, மலைப்பொழிவு. தவறு செயலில் தொடங்குவதில்லை. இச்சையோடு நோக்கும் பார்வையிலேயே, உள்ளத்திலேயே அது நிகழ்ந்துவிடுகிறது என்கிறார். யாரை நோக்கிச் சொல்கிறார்? ஆடவரை நோக்கி. பெண்ணே, நீ மறைந்து நட என்று அங்கே அவர் சொல்லவில்லை. கண் அவனுடையது, காக்க வேண்டியவனும் அவனே. பிறன்மனையை நோக்காமையை ஆண்மையின் சிறப்பாக வைத்த வள்ளுவரைக் கற்ற நமக்கு இக்கருத்து அயலாகத் தோன்றாது.

இரண்டாவது, மணவிலக்கு. மனைவியை எக்காரணத்துக்காகத் தள்ளலாம் என்று யூத அறிஞர்களிடையே அந்நாளில் பெரிய வாதம் நடந்தது. சம்மாய் என்பாரின் வழியினர் ஒழுக்கக்கேடு ஒன்றே காரணம் என்றனர். இல்லேல் என்பாரின் வழியினரோ, சமையலைக் கெடுத்தாலும் போதும் என்றனர்! இதுபற்றிக் கேட்டவர்களுக்கு இயேசு, படைப்பின் தொடக்கத்தை நினைவூட்டினார்: கணவனும் மனைவியும் ஓருடல், இறைவன் சேர்த்ததை மனிதன் பிரித்தல் ஆகாது. இதைக் கேட்ட சீடர்கள், அப்படியானால் மணம் செய்யாதிருப்பதே நலம் என்றார்களாம். எளிதில் தள்ளிவிடும் வசதி போய்விடுகிறதே என்ற ஆடவரின் கலக்கம் அதில் தெரிகிறதல்லவா?

மூன்றாவது, யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய இழுத்து வருகிறார்கள். பிடிபட்டவள் ஒருத்தி என்றால் உடனிருந்தவன் எங்கே? அவனை யாரும் கொண்டுவரவில்லை. குற்றமற்றவன் முதலில் எறியட்டும் என்ற சொல் கேட்டு, முதியவர் தொடங்கி ஒவ்வொருவராக நழுவுகின்றனர். அவளைத் தண்டிக்காமல் விடுத்த இயேசு, இனிப் பாவம் செய்யாதே என்றும் கூறினார். மன்னிப்பு ஒழுக்கத்தைத் தளர்த்தவில்லை. ஒழுக்கம் மன்னிப்பை மறுக்கவுமில்லை.

பின்வந்த பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் ஏழாம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி செல்கிறார். மனைவியின் உடல்மீது கணவனுக்கு அதிகாரம் உண்டு என்பதை அக்காலத்தார் எவரும் ஒப்புவர். கணவனின் உடல்மீதும் அவ்வாறே மனைவிக்கு அதிகாரம் உண்டு என்று அடுத்த வரியிலேயே எழுதினார் அவர்! சுமார் கி.பி. 400இல் வாழ்ந்த எரோணிமுஸ் என்ற அறிஞரும், அரசின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் நெறி வேறு என்று பிரித்துக் காட்டி, பெண்ணுக்கு விலக்கானது ஆணுக்கும் விலக்கே என்று விளக்கினார்.

இதனால் கிறிஸ்தவம் உடலை வெறுக்கிறது என்று கருதிவிடக் கூடாது. மணமும் மணப்படுக்கையும் மதிப்புக்குரியவை என்று புதிய ஏற்பாடு கூறுகிறது. உடல் தூய ஆவியின் ஆலயம். ஆதலால்தான் மணத்துக்கு முன் காத்திருத்தலும் மணத்துக்குப் பின் உண்மையாயிருத்தலும் இருபாலார்க்கும் கடமையாயின. மணவிலக்கைப் பற்றித் திருச்சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. திருமணம் முறிக்கவொண்ணாத திருவருட்சாதனம் என்பது கத்தோலிக்கர் கொள்கை. துணைவர் நெறி தவறினால் விலக்கு உண்டு எனப் புராட்டஸ்டண்டு சபையார் பலர் கொள்வர். அளவுகோல் இருவர்க்கும் ஒன்றே என்பதில் வேறுபாடு இல்லை.

போதனை இப்படியிருக்க, நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கான சட்டம் எப்படி இருந்தது? 1857ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி 1869இல் இந்திய விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. மனைவி நெறி தவறினாள் என்று காட்டினால் கணவனுக்கு விலக்குக் கிடைத்தது. மனைவிக்கோ அது போதாது. கணவன் நெறி தவறியதோடு கொடுமையும் செய்தான், அல்லது இரண்டாண்டு கைவிட்டான் என்பது போன்ற மற்றொரு குற்றத்தையும் அவள் மெய்ப்பிக்க வேண்டும். மனைவியைக் கெடுத்தவனிடம் கணவன் நட்டஈடு கேட்கவும் அச்சட்டம் இடம் தந்தது. வயலில் மாடு மேய்ந்ததற்குக் கேட்பது போல!

இங்கிலாந்து 1923இல் இந்த ஓரவஞ்சனையை நீக்கிக்கொண்டது. இங்கே 1995இல் கேரள உயர் நீதிமன்றம் அதனைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. 2001இல்தான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திக் கணவன் மனைவி இருவர்க்கும் காரணங்களைப் பொதுவாக்கியது. பவுலடியாரின் ஒரு வரி சட்டமாக 132 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவும் மனைவியைக் கணவனின் உடைமையாகவே எண்ணியது. கணவன் இசைந்தால் குற்றமில்லை என்றது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று அதனைச் செல்லாததாக்கியது. இன்று பிறன்மனை நயத்தல் சிறைக்குரிய குற்றமன்று. மணவிலக்குக்குக் காரணமாக மட்டும் நிற்கிறது. சிறைக்கு அஞ்சிக் காப்பது ஒழுக்கமாகாது என்பதால், இதனால் கிறிஸ்தவ போதனைக்கு நட்டம் ஒன்றுமில்லை.

நண்பர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நம் வீடுகளில் மணப்பேச்சு எழும். பெண்ணின் நடத்தையைப் பற்றி நான்கு ஊரில் விசாரிப்பார்கள். பையனைப் பற்றியோ சம்பளத்தை விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் எந்தச் சமயத்தவராயினும், அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்: அவளிடம் எதிர்பார்ப்பதை நான் என்னிடம் எதிர்பார்த்திருக்கிறேனா? சட்டம் திருந்த 132 ஆண்டுகள் ஆயின. நாம் திருந்த அத்தனை காலம் வேண்டியதில்லை.